நான்கெழுத்து முடிவு வந்த பிறகும் அணியில் சண்டை ஏன்?

கேள்வி: 11 பேர் கொண்ட மென்பொருள் அணிக்கு நான் லீட். எங்களுக்குள் பேச்சுவார்த்தை சரியில்லை என்று சொல்லி, ஹெச்ஆர் எல்லோருக்கும் நான்கெழுத்து ஆளுமைச் சோதனை (குணத்துக்கு ஏற்ப ஆளுக்கு நான்கு ஆங்கில எழுத்து கொடுக்கும் சோதனை) வைத்தார்கள். அரைநாள் பயிற்சியும் நடந்தது. முதல் வாரம் ஒரே உற்சாகம். ஆளாளுக்குத் தங்கள் நான்கெழுத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். இப்போது நிலைமை முன்பைவிட மோசம். மீட்டிங்கில் கருத்து கேட்டால் ஒரு பையன், "அக்கா, நான் இன்ட்ரோவெர்ட் (அதிகம் பேசாத சுபாவம்), என்னை விட்டுடுங்க" என்கிறார். வாடிக்கையாளர் பக்கம் பார்ப்பவருக்கும் டெஸ்டிங் பார்ப்பவருக்கும் ஏற்கெனவே ஆகாது. முன்பு மெயிலைப் பற்றிச் சண்டை போட்டவர்கள், இப்போது "உங்க டைப்பே அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். இதற்கு நடுவில் என் மேலாளர், அடுத்த புராஜெக்டுக்கு யாரை லீடாகப் போடலாம் என்று இந்த முடிவுகளை வைத்தே பார்க்கச் சொல்கிறார். இந்தச் சோதனைகளை நம்பலாமா? வேறு நல்ல சோதனை வாங்கினால் சரியாகுமா?

பதில்: மேலாளர் கேட்டதுதான் அவசரம் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்த முடிவுகளை வைத்து லீடைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுக்கு வைத்தது மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை அல்லது அதன் சாயலில் வந்த ஒன்றாகத்தான் இருக்கும். அந்தச் சோதனையை வெளியிடும் நிறுவனமே, ஆள் எடுக்கவோ தேர்வு செய்யவோ இதைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மேலாளரிடம் இதைச் சொன்னாலே போதும். நீங்கள் உளவியல் வாதம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டி வந்தால் இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் மேலாளர் பதவி உயர்வுக்கு ஆளுமைச் சோதனைகள் வைத்தது. அவற்றில் மனநலக் கோளாறுகளைக் கண்டறிவதற்காக உருவான எம்எம்பிஐ என்ற சோதனையின் கேள்விகளும் இருந்தன. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அப்படிக் கேட்பது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம், அதனால் சட்டப்படி செல்லாது என்று 2005-ல் தீர்ப்பு வந்தது. எல்லாச் சோதனைக்கும் எல்லா ஊருக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தாதுதான். ஆனாலும் அணியில் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளலாம் என்று சொல்லி வாங்கிய பதில்களைப் பதவிக்கு அளவுகோலாக்கினால், அடுத்த முறை உங்கள் ஆட்கள் ஒருவர்கூட உண்மையை எழுத மாட்டார்கள். யாரை லீடாகப் போடலாம் என்பது அவர்கள் இதுவரை பொறுப்பேற்று முடித்த வேலையில் தெரியும். தெரியவில்லை என்றால் சின்னப் பொறுப்பு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

சரி, சோதனையை நம்பலாமா என்ற கேள்விக்கு வருவோம்.

சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921-ல் மனித வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதைப் படித்து ஈர்க்கப்பட்டவர் கேதரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ், இரண்டாம் உலகப்போர் காலத்தில், அந்தக் கருத்துகளை வைத்துக் கேள்வித்தாள் தயாரிக்கத் தொடங்கினார். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் தங்களுக்கு ஏற்ற வேலையைக் கண்டுகொள்ள அது உதவும் என்று நினைத்தார். தாய், மகள் இருவருமே உளவியலில் முறைப்படி பயிற்சி பெற்றவர்கள் இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பல பத்தாண்டுகள் விடாமல் உழைத்திருக்கிறார்கள். மனிதருக்கு மனிதர் வேறுபடுவது குற்றமில்லை என்ற நல்ல எண்ணம் அந்த உழைப்புக்குப் பின்னால் இருந்தது. சிக்கல் அந்த நான்கெழுத்தில்தான் இருக்கிறது.

மனிதர்களின் உயரத்தை அளந்தால் பெரும்பாலோர் நடுத்தரமாகத்தான் இருப்பார்கள்; மிக உயரமும் மிகக் குள்ளமும் கொஞ்சம் பேர். குணமும் அப்படித்தான். கலகலப்பு என்பதை அளந்தால் பெரும்பாலோர் நடுவில்தான் நிற்பார்கள். ஆனால் சோதனை நடுவில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு ஓர் எழுத்து, அந்தப் பக்கம் இருப்பவருக்கு இன்னோர் எழுத்து என்று கொடுத்துவிடுகிறது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒட்டி நிற்கும் இருவர் கிட்டத்தட்ட ஒரே மாதிரியானவர்கள், தாளிலோ எதிரெதிர் வகை. ஒரே பக்கத்தில் ஒருவர் கோட்டை ஒட்டியும் மற்றவர் கடைசி ஓரத்திலும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரே எழுத்து. அதனால்தான் சில வாரம் கழித்து அதே சோதனையை மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது. அவர்கள் குணம் மாறவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அன்றைய மனநிலையில் ஓரடி இப்படியோ அப்படியோ நகர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் உங்கள் அணியினர் ஏன் "அட, அப்படியே என்னைப் பத்திச் சொல்லியிருக்கு" என்று அசந்துபோனார்கள்? இதற்கு 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் செய்த சோதனையைச் சொல்ல வேண்டும். மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, உன்னைப் பற்றியது என்று சொல்லி ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளைக் கடையில் விற்ற சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்திருந்தார். "உங்களுக்குள் இன்னும் பயன்படுத்தாத திறமை நிறைய இருக்கிறது" என்கிற மாதிரி வரி யாருக்குத்தான் பொருந்தாது? எனவே ஓர் அறிக்கை பொருந்துவதுபோலத் தோன்றுவது அது சரியானது என்பதற்குச் சான்று ஆகாது. உங்கள் பயிற்சியின் முதல் வார உற்சாகத்தில் பாதி இதிலிருந்து வந்ததாகத்தான் நினைக்கிறேன்.

வேறு சோதனை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டிஸ்க் என்று ஒன்றை யாராவது பரிந்துரைப்பார்கள். நான்கு நிறம், நான்கு வகை என்று பார்க்க எளிதாக இருக்கும். வில்லியம் மார்ஸ்டன் 1928-ல் எழுதிய நூலில்தான் அதன் வேர் இருக்கிறது. அவர் சோதனை எதுவும் தயாரிக்கவில்லை. பிறகு வந்தவர்கள் தயாரித்தார்கள். (வொண்டர் வுமன் காமிக்ஸ் பாத்திரத்தை உருவாக்கியவரும் இதே மார்ஸ்டன்தான்.) அதிலும் மனிதரை வகைக்குள் அடைக்கும் பழைய சிக்கல் அப்படியே இருக்கிறது.

ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் நம்பிப் பயன்படுத்துவது பிக் ஃபைவ் எனப்படும் ஐங்குண அளவு. புதியதை நாடுதல், பொறுப்பும் ஒழுங்கும், கலகலப்பு, இணங்கிப்போதல், எளிதில் பதற்றமடைதல் என்று ஐந்து. இது யாரோ ஒருவருடைய கொள்கையிலிருந்து பிறந்ததில்லை. மனிதரை வர்ணிக்க மக்கள் பயன்படுத்தும் சொற்களை அகராதியிலிருந்து திரட்டி, எவையெவை ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன என்று பல பத்தாண்டுகள் கணக்குப் பார்த்து வந்து சேர்ந்த முடிவு அது. 1936-ல் ஆல்போர்ட்டும் ஆட்பெர்ட்டும் அப்படித் திரட்டியவை ஏறக்குறைய 18,000 சொற்கள். இதில் வகை கிடையாது. ஒவ்வொரு குணத்திலும் நீங்கள் எவ்வளவு என்பது மட்டும்தான். 1991-ல் பேரிக்கும் மவுண்ட்டும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொறுப்பும் ஒழுங்கும் என்கிற குணம் அவர்கள் எடுத்துக்கொண்ட எல்லாத் தொழில்களிலும் வேலைத் திறனோடு தொடர்புடையதாக இருந்தது. ஆனால் அந்தத் தொடர்பு மிதமானதுதான். ஓர் ஆளைப் பார்த்து "இவர் இப்படித்தான் வேலை செய்வார்" என்று சொல்லும் அளவுக்கு வலுவானது இல்லை. இந்த அளவுக்கான கேள்விகள் யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி பொதுவெளியில் கிடைக்கின்றன. காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

இருந்தாலும் இப்போது வேறு எதையும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் அணிக்கு இப்போது சோதனை பற்றாக்குறை இல்லை. வந்த முடிவுகளை வைத்து என்ன பேசுவது என்று யாரும் சொல்லிக் கொடுக்காமல் விட்டதுதான் பிரச்சினை. முடிவைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால், அதை வைத்து மனிதர்கள் சக மனிதர்களைத்தான் பேசுவார்கள். பேச வேண்டியதோ வேலை நடக்கும் விதத்தைப் பற்றி.

உங்கள் வாடிக்கையாளர் பக்கத்துக்காரரையும் டெஸ்டிங்காரரையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விவரமாக எழுதவில்லை. ஆனால் இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் நான் பார்த்த சண்டைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு அணியின் குரூப்பில் ஒரு செய்தி வரும்: "சின்ன மாற்றம்தான், இன்னைக்கே போயாகணும், கிளையன்ட் காத்திருக்காங்க." அரைமணி நேரம் கழித்துப் பதில் வரும். 14 வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு பக், அதாவது மென்பொருள் பிழை. கடைசி வரியில், "இதெல்லாம் சரிசெய்யாமல் ரிலீஸ் செய்தால் நான் பொறுப்பில்லை." நகல் மேலாளருக்கும் போயிருக்கும். டெஸ்டிங்காரர் மற்றவரைப் பொறுமையில்லாதவர் என்பார். வாடிக்கையாளர் பக்கத்துக்காரர் டெஸ்டிங்காரரை எதையெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறவர் என்பார். கையில் நான்கெழுத்து கிடைத்ததும் அந்தப் புகாருக்கு ஒரு சான்றிதழ் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

இந்த இருவரையும் ஒரு நிமிடம் மறந்துவிட்டு அவர்களுடைய அப்ரைசலை (வேலை மதிப்பீட்டை) எடுத்துப் பாருங்கள். ஒருவருடைய மதிப்பெண் வாடிக்கையாளர் கேட்டதை எவ்வளவு சீக்கிரம் கொடுத்தார் என்பதில் இருக்கும். மற்றவருடையது, வாடிக்கையாளரிடம் போன பிறகு எத்தனை பக் வெளிவந்தது என்பதில் இருக்கும். சின்ன மாற்றம் என்பது எது, அவசர ரிலீஸ் என்றால் எந்தெந்த டெஸ்டிங்கைத் தள்ளிவைக்கலாம், ஐந்து மணிக்கு மேல் வந்தால் சரி என்று சொல்லும் கடைசி அதிகாரம் யாருக்கு என்று எங்காவது எழுதியிருக்கிறதா? எழுதியிருக்காது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அந்த இரண்டு நாற்காலியிலும் வேறு யாரை உட்கார வைத்தாலும், இரட்டைப் பிறவிகளையே உட்கார வைத்தாலும், இதே சண்டை நடக்கும்.

அடுத்தவர் செய்வதற்கு அவருடைய குணத்தைக் காரணம் சொல்வதும், அவர் மாட்டிக்கொண்டிருக்கும் சூழ்நிலையைக் கவனிக்காமல் விடுவதும் மனித மனதின் வழக்கம். லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-ல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: அடிப்படைக் காரணப் பிழை. நாம் தாமதமாக வந்தால் வழியில் நெரிசல். அடுத்தவர் தாமதமாக வந்தால் அவருக்குப் பொறுப்பில்லை. ஆளுமைச் சோதனைகளைப் பற்றி எனக்கிருக்கும் பெரிய கவலை இதுதான். அவை இந்தப் பழக்கத்துக்குத் தீனி போடுகின்றன. நிர்வாகம் வகுத்துத் தர வேண்டிய ஒரு விதி இல்லாமல் போனதால் வந்த மோதலை, இரண்டு பேருடைய பிறவிக்குணமாக மாற்றிக் காட்டிவிடுகின்றன. பிறகு அந்த விதியை வகுக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லாமல் போகிறது.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, அவர்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்து, குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கடைசியாகச் சண்டை வந்த அந்த ரிலீஸை மட்டும் நேரவாரியாகச் சொல்லச் சொல்வது. எத்தனை மணிக்கு வாடிக்கையாளர் கேட்டார், எப்போது டெஸ்டிங்குக்குத் தெரிந்தது, நடுவில் எத்தனை மணிநேரம் யார் மேசையில் கிடந்தது. பல சமயம் காலை பத்து மணிக்கே வந்த கோரிக்கை நாலரை வரை ஒருவருடைய மெயிலில் தூங்கியிருக்கும். அது வெளியே வந்தால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் சூடு தணியும். அப்புறம் மேலே கேட்ட மூன்று கேள்விக்கும் நீங்களே பொறுப்பேற்று விடை எழுதிவிடுங்கள். "நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க" என்று விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது, உங்களுக்கு உண்டு. அப்ரைசல் அளவுகோலை மாற்ற உங்களால் முடியாது என்றால், அதை மேலாளரிடம் கொண்டுபோக வேண்டியதும் உங்கள் வேலைதான்.

விதி வந்த பிறகும் கொஞ்சம் உரசல் மிச்சம் இருக்கும். அதுதான் உண்மையிலேயே சுபாவ வேறுபாடு. அங்கேதான் இந்தச் சோதனை முடிவுக்கு வேலை இருக்கிறது.

எப்படிப் பயன்படுத்துவது? அணியை ஒரு மணிநேரம் கூட்டுங்கள். வருகிறவர்கள் தங்கள் அறிக்கையைக் கொண்டுவரட்டும், ஆனால் யாரும் யாரிடமும் காட்ட வேண்டியதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு அதைக் காப்பாற்றுங்கள். காட்டாதவர்களை யாரும் கேலி செய்யவோ துருவவோ கூடாது. முதல் வேலையாக ஒரு பேனாவை எடுத்து, தனக்குப் பொருந்தாத வரிகளை அவரவர் அடித்துவிடட்டும். இது முக்கியம். அறிக்கை தன்னைவிட உயர்ந்தது இல்லை என்ற எண்ணம் அந்த அடித்தலிலேயே வந்துவிடும். மிச்சமிருக்கும் வரிகளில், தன் அன்றாட வேலையில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை அணியிடம் கேட்கும் ஒரு கோரிக்கையாக மாற்றி எழுதட்டும்.

கோரிக்கையாக மாற்றுவது என்றால் என்னவென்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான பயிற்சிகள் கோட்டைவிடுவது இங்கேதான். "நான் விவரங்களை விரும்புபவன்" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் என்ன செய்ய முடியும்? தலையாட்டலாம், அவ்வளவுதான். அதையே டெஸ்டிங்காரர் இப்படிச் சொல்லட்டும்: "மாற்றம் சின்னது என்று எழுதும்போது எந்தத் திரை, எந்த பட்டன் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அது இருந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், பாதி நேரம் மிச்சம்." வாடிக்கையாளர் பக்கத்துக்காரர் இப்படிச் சொல்லட்டும்: "14 பக் இருந்தாலும் பரவாயில்லை, ரிலீஸை நிறுத்தியே ஆக வேண்டியது எது என்று முதல் வரியில் சொல்லிவிடுங்கள். மற்றதை நான் நிதானமாகப் படிக்கிறேன். மேலாளருக்கு நகல் போடுவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணிவிடுங்கள்." இரண்டும் நாளைக்கே செய்யக்கூடியவை. செய்தார்களா இல்லையா என்று தெரியும். இந்தக் கோரிக்கைகளில் எழுத்தும் இல்லை, நிறமும் இல்லை, வகையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அறிக்கை பேச்சைத் தொடங்கி வைத்தது, அதோடு அதன் வேலை முடிந்தது.

இன்னொன்றும் செய்யலாம். அவரவர் தன்னைப் பற்றி எழுதி முடித்ததும், தன் வேலையோடு நெருங்கிய தொடர்புள்ள இருவரிடம் "என்னோடு வேலை செய்வதில் எது எளிது, எது கடினம்?" என்று கேட்கட்டும். இந்தச் சோதனைகள் எல்லாம் நாம் நம்மைப் பற்றி எழுதிய பதில்கள்தான். நம்மை நாம் அறிந்தது பாதி. 2010-ல் சிமின் வசீர் செய்த ஆய்வில், உள்ளுக்குள் எவ்வளவு பதறுகிறோம் என்பது போன்றவற்றில் நம் சொந்த மதிப்பீடு துல்லியமாக இருந்தது. அறிவுத்திறன், படைப்பாற்றல் போன்ற, நல்லது கெட்டது என்று எடைபோடப்படும் விஷயங்களிலோ நண்பர்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது. பேச்சில் முந்திக்கொள்கிறோமா, மெயில் கடுப்பாக இருக்கிறதா என்பதெல்லாமும் எதிரில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும் என்பது என் அனுபவம். ஆனால் இதை எல்லோர் முன்னாலும் கேட்கச் சொல்லாதீர்கள். இருவர் இருவராக, தனியாக.

பதற்றம் சம்பந்தப்பட்ட மதிப்பெண்களை மட்டும் அணியில் பேசவே வேண்டாம். பிக் ஃபைவ் வைத்தால் ஐந்தில் ஒன்றாக அதுவும் வரும். ஒருவர் எவ்வளவு எளிதில் கலங்கிப்போவார் என்பது அவருடைய சொந்த விஷயம். "மனம்விட்டுப் பேசுவோம்" என்ற பெயரில் அதைப் பொதுவில் வைக்கச் சொல்வது கொடுமை. அப்படி வைத்த ஒருவரிடம் அதன் பிறகு கஷ்டமான வேலை எதையும் கொடுக்காமல் ஒதுக்கிவிடுவார்கள், நல்லெண்ணத்தோடேயே.

இப்போது உங்கள் இன்ட்ரோவெர்ட் தம்பி. அவர் சாக்குச் சொல்கிறார் என்று நீங்கள் நினைப்பதுபோலத் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதுவரை காரணம் சொல்லத் தெரியாமல் தவித்தவருக்கு ஒரு சொல் கிடைத்திருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்தச் சொல் சொல்லும் அளவுக்கு மனிதர் இறுகிப்போனவர் இல்லை. 2001-ல் வில்லியம் ஃப்ளீசன் என்ற ஆய்வாளர், ஆட்களை நாள் முழுக்க அவ்வப்போது கேட்டுக் கேட்டு, அந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பதிவு செய்தார். அமைதியானவர் என்று பெயரெடுத்தவரும் அன்றாடம் கலகலப்பாக இருக்கும் நேரங்கள் உண்டு; கலகலப்பானவர் ஒடுங்கியிருக்கும் நேரங்களும் உண்டு. ஒரே மனிதருக்குள் இருக்கும் ஏற்ற இறக்கம் அவ்வளவு பெரியது. சராசரியில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு நிலையாகத் தெரிகிறது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி "நீ ஏன் இப்படி?" என்பதல்ல, "எப்போது பேச வருகிறது, எப்போது வரவில்லை?" என்பது.

பேச்சு இப்படிப் போகலாம்.

"மீட்டிங்ல திடீர்னு கேட்டா கஷ்டமா இருக்குன்னு புரியுது. போன மாசம் அந்த டேட்டாபேஸ் பிரச்சினை வந்தப்ப நீங்கதானே கடகடன்னு விளக்கினீங்க, அப்ப எப்படி இருந்துச்சு?"

"அது எனக்குத் தெரிஞ்ச விஷயம்க்கா. முந்தின நாளே பார்த்து வச்சிருந்தேன்."

"அப்போ என்ன பேசப்போறோம்னு முந்தின நாளே சொல்லிட்டா?"

"அப்ப சொல்லலாம். ஆனா நான் ஆரம்பிச்சதும் யாராவது நடுவுல புகுந்துட்டா அப்புறம் எனக்கு வராது."

பாருங்கள், இரண்டு நிமிடத்தில் இரண்டு தகவல் கிடைத்துவிட்டது. பேச வேண்டியதை முந்தின நாளே அனுப்புவது. ஒருவர் பேசும்போது குறுக்கிடாமல் இருப்பது. இரண்டும் அணிக்கே நல்லது. இவருக்கான சலுகையாக இதைச் செய்யாமல், எல்லோருக்குமான வழக்கமாக ஆக்கிவிடுங்கள். முக்கியமான முடிவென்றால், மீட்டிங் தொடங்கியதும் ஐந்து நிமிடம் எல்லோரும் தங்கள் கருத்தை எழுதட்டும், பிறகு வரிசையாகப் படிக்கட்டும். சத்தமாகப் பேசுபவர் முதலில் சொன்னதை மற்றவர்கள் ஆமோதித்துவிட்டுப் போகிற வழக்கம் இதில் உடையும். அதே சமயம் அவரிடமும் ஒன்று கேளுங்கள்: முந்தின நாளே விவரம் அனுப்பினால் மீட்டிங்கில் கட்டாயம் ஒரு கருத்து சொல்ல வேண்டும். அமைதி அவருடைய சுபாவமாக இருக்கலாம், ஆனால் அவருக்குத் தெரிந்த ஆபத்தைச் சொல்லாமல் விட்டால் அணிக்குத்தான் நஷ்டம். சுபாவத்தை மதிக்கலாம், பொறுப்பிலிருந்து விடுதலை கொடுக்கக் கூடாது. இதை அவரிடம் கனிவாகவே சொல்லலாம்.

"உங்க டைப்பே அப்படித்தான்" என்ற பேச்சை மட்டும் உடனே நிறுத்துங்கள். அணியில் ஒரு விதியாகவே சொல்லிவிடுங்கள்: தன் குணத்தைப் பற்றித் தானே பேசலாம், அடுத்தவருடைய எழுத்தை இழுக்கக் கூடாது. யாராவது இழுத்தால், திட்ட வேண்டாம். "என்ன நடந்தது, அதைச் சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் கேளுங்கள். சில வாரத்தில் வழக்கம் மாறும்.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. எமி எட்மண்ட்சன் 1999-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து உளவியல் பாதுகாப்பு என்ற கருத்து அணிகளைப் பற்றிய பேச்சில் பரவலானது. தெரியாததைக் கேட்டாலோ தவறை ஒப்புக்கொண்டாலோ இங்கே யாரும் நம்மை மட்டம் தட்ட மாட்டார்கள் என்று அணியில் எல்லோரும் நம்புவது. கூகுள் தன் அணிகளை ஆராய்ந்து 2015-ல் சொன்னதும் இதை ஒட்டியதுதான்: அணியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதே அதிகம் முக்கியம், அதில் முதலிடம் இந்தப் பாதுகாப்புக்கு. எழுத்து பார்த்து லீடைத் தேர்ந்தெடுக்க நினைக்கும் உங்கள் மேலாளருக்கு இதையும் சொல்லலாம்.

அந்தப் பாதுகாப்பு உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த ஒரு மணிநேரக் கூட்டத்தில் முதல் கோரிக்கை உங்களுடையதாக இருக்கட்டும், அதில் உங்கள் பலவீனமும் கொஞ்சம் தெரியட்டும். "வேலை நெருக்கடியில் நான் ஒற்றை வரியில் பதில் போடுவேன், கோபம் என்று நினைக்காதீர்கள், சந்தேகமாக இருந்தால் கேட்டுவிடுங்கள்" என்கிற மாதிரி. பிறகு யாராவது அப்படிக் கேட்கும்போது முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். முதல் தடவை நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று 10 பேரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

கோரிக்கைகளை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி அணியின் பொது இடத்தில் வையுங்கள். ஆளுக்கு ஒரு வரி போதும். புதிதாக அணியில் சேர்பவருக்குக் கொடுக்க இதைவிட உதவியான தாள் இருக்காது. இரண்டு மாதம் கழித்து அதை எடுத்துவைத்து, எது நடக்கிறது, எது வெறும் எழுத்தாக நிற்கிறது, எது இனித் தேவையில்லை என்று பாருங்கள். பயிற்சி பிடித்திருந்ததா என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் பிடித்திருந்தது என்றுதான் சொல்வார்கள். ஐந்து மணிக்கு மேல் வந்த அவசர ரிலீஸ் எத்தனை, மேலாளருக்கு நகல் போன சண்டை மெயில் எத்தனை, மீட்டிங்கில் வாயே திறக்காதவர் எத்தனை பேர் என்று முன்பும் பின்பும் எண்ணிப் பாருங்கள்.

இன்றைக்கே இப்போதைய நிலையின் கணக்கை எழுதி வைத்துவிடுங்கள், பிறகு நினைவிலிருந்து எடுத்தால் சரியாக வராது. இரண்டு மாதத்தில் எண்கள் குறைந்திருந்தால் இன்னொரு சோதனை தேவையே இல்லை. குறையவில்லை என்றால், அப்ரைசலில் என்ன மாறியது, அவசர ரிலீஸுக்கு விதி உண்மையிலேயே வந்ததா என்று முதலில் பார்த்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.